சிருங்காரம் நின்ற சுவர்

காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே வருகிறவர் இணுவில் கழிந்ததும் மருதனார்மடச் சந்தியை அடைவார். மரக்கறிச் சந்தையும், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களும், நெடிதுயர்ந்த ஆஞ்சநேயர் உருவமும் இன்று அந்த இடத்தின் அடையாளங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அவருடைய சமாதியும் அந்த வளவிலேயே அமைந்திருக்கிறது. இசையும் நடனமும் சித்திரமும் கற்பிக்கும் பல்கலைக்கழகப் பீடமும் இராமநாதனின் பெயரையே தாங்கி இவ்வூரில் இயங்குகிறது. காலை வேளையில் நடனச் சேலையோடும் சுருதிப் பெட்டியோடும் இளம்பெண்கள் வாசலைக் கடந்து உள்ளே போகிறார்கள்.

இந்த வீதியின் இரு மருங்கிலும் கோயில்களுக்குக் குறைவில்லை. 2009இல் போர் ஓய்ந்த பிறகு புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணத்தில் பல கோயில்கள் புதுக் கோபுரம் கண்டன. தேவரும் முனிவரும் பூதகணங்களும் புதுவண்ணத்தில் அடுக்கடுக்காக நிற்கிறார்கள். நடன மாதரும் உண்டு, முழு உடையோடு. தழுவி நிற்கும் இணை ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதுமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே சமயத்தின் கோயிற்சுவர் இப்படி இருக்கவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, கோயில் வாசலின் நிலைக்கால்களில் என்னென்ன செதுக்கலாம் என்று சொல்கிறது. மங்கலப் பறவை, ஸ்வஸ்திகம், நிறைகுடம், இலைக்கொடி, பூதகணம் என்று போகும் அந்த வரிசையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் மிதுனமும் இடம்பெறுகிறது. நிறைகுடம் எதைக் குறித்ததோ அதையே இணையும் குறித்தது: செழிப்பு, பெருக்கம், வருகிறவருக்கு நல்வரவு. யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டு வாசலில் இன்றும் நிறைகுடம் வைக்கிறோம். அதன் அருகில் ஒருகாலத்தில் நின்ற இணையை மட்டும் நம் வாசல்கள் மறந்துவிட்டன.

வாசலில் தொடங்கிய அந்த உருவம் 10ஆம், 11ஆம் நூற்றாண்டுகளில் மத்திய இந்தியாவின் கஜுராகோவில் சுவர் முழுவதும் ஏறியது. சந்தேல மன்னர்கள் அங்கே 85 கோயில்கள் எழுப்பினர் என்பது மரபுச் செய்தி. இன்று நிற்பவை ஏறத்தாழ 25. அவற்றுள் பெரியது கந்தாரிய மகாதேவர் கோயில். 19ஆம் நூற்றாண்டில் தொல்லியல் அறிஞர் அலெக்சாந்தர் கன்னிங்காம் அதன் உருவங்களை எண்ணி உள்ளே 226, வெளியே 646, ஆக மொத்தம் 872 என்று எழுதி வைத்தார். கஜுராகோ என்றதும் உலகம் நினைப்பது காமச் சிற்பங்களை. ஆனால் அங்குள்ள சிற்பங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காலில் தைத்த முள்ளை எடுக்கிறவள், கண்ணுக்கு மை தீட்டுகிறவள், கண்ணாடி பார்க்கிறவள், படையோடு போகிற யானை, வேட்டைக்காரன், ஆசான் என்று மீதிச் சுவரை வாழ்க்கை நிறைத்திருக்கிறது.

எண்ணிக்கையை விட இடம் முக்கியம். கி.பி. 954ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கொண்ட இலக்குமணர் கோயிலிலும், அதற்குப் பின் வந்த விசுவநாதர், கந்தாரிய மகாதேவர் கோயில்களிலும் மிக வெளிப்படையான புணர்ச்சிக் காட்சிகள் கருவறையையும் பெருமண்டபத்தையும் இணைக்கும் சந்திச் சுவரில் இருக்கின்றன. மனிதர் கூடும் இடமும் இறைவன் உறையும் இடமும் ஒட்டுகிற பொருத்து அது. அதைக் கடந்து உள்ளே போனால் கருவறையில் இருட்டும் இறைவனும்தான். காமத்துக்குச் சுவரில் இடம் இருந்தது. அந்த இடத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது.

ஒரிசாவில் 13ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் எழுப்பிய கொணார்க் சூரியன் கோயிலில் அந்த எல்லையும் தளர்ந்தது. கோயிலையே தேராக்கிய அந்தச் சிற்பிகள் 24 சக்கரங்களைச் செதுக்கினார்கள். ஆரங்களின் நடுவிலுள்ள சிறு வட்டங்களுக்குள்ளும் இணைகள் புகுந்தன. இவையெல்லாம் ஏன் என்ற கேள்விக்கு அறிஞர் பல விடைகளைச் சொன்னார்கள். மங்கலம் என்றார்கள். இடி மின்னலுக்கும் கண்ணேறுக்கும் காப்பு என்றார்கள். தாந்திரிக நெறி என்றும் அரச குலத்தின் போக வாழ்வு என்றும் சொன்னார்கள். 1975இல் வெளிவந்த தம் நூலில் கலை வரலாற்றாளர் தேவாங்கனா தேசாய் பல காலத்து, பல வட்டாரத்துக் கோயில்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒரு கோயிலுக்குப் பொருந்தும் விடை இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. அந்தச் சுவரின் முன்னால் நின்றவர் வழிபட வந்தவர். அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று கோயில் எதிர்பார்க்கவில்லை.

தமிழ்நாட்டுச் சிற்பியின் கை அடக்கமானது. தஞ்சைப் பெரிய கோயிலின் புறச்சுவர் மாடங்களில் சிவனின் மூர்த்தங்கள் நிற்கின்றன. சோழர் காலக் கோயில்களில் பிட்சாடனர் வரும் இடங்களில் தாருகாவனத்து முனிபத்தினியர் உடை நெகிழ, வளை கழல நிற்பார்கள். காமம் அங்கே பக்தியின் தொடக்கமாகக் கதைக்குள் வருகிறது. வெளிப்படையான இணைகள் பெரும்பாலும் விசயநகர, நாயக்கர் காலத்துக்கு உரியவை. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் அவை சிறு புடைப்புகளாக உள்ளன. மரத் தேர்களின் கீழ்த்தட்டுப் பலகைகளில் கடவுளருக்கும் கொடிகளுக்கும் இடையே சாண் அளவில் ஒளிந்திருக்கின்றன. வடக்கில் ஏறிட்டுப் பார்க்க வேண்டியவற்றைத் தமிழ்நாட்டில் குனிந்து பார்க்க வேண்டும்.

இலங்கையிலும் இந்தக் கலை கால் பதித்தது. அநுராதபுரத்து இசுருமுனியாவின் காதலர் சிற்பத்தை அறியாத பள்ளிப் பிள்ளை இந்த நாட்டில் இல்லை. குப்தர் பாணியைத் தழுவிய அந்தச் சிற்பம் ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைவிட வெளிப்படையான சான்று மாத்தளைக்கு வடக்கே, ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே உள்ள நாளந்தா கெடிகே. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று கணிக்கப்படும் அந்தச் சிறிய கற்றளி பல்லவர் பாணியில் கட்டப்பட்ட பௌத்தக் கோயில். அதன் அடித்தளத்தில் மழையாலும் வெயிலாலும் தேய்ந்த புணர்ச்சிச் சிற்பம் ஒன்று இருக்கிறது. இலங்கையில் இவ்வகைக்கு மிக அரிதான சான்று அது. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அந்தக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டு நிலத்தில் மறுபடி அடுக்கினார்கள். நீருக்குள் போயிருக்கக்கூடிய அந்த இணையும் கோயிலோடு மேடேறியது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் எத்தனையோ பஸ்கள் நாள்தோறும் அதன் அருகால் கடந்து போகின்றன.

சோழர் பொலன்னறுவையில் எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரம் இதற்கு மறுபக்கம். அரைத்தூண்களும் மாடங்களும் தவிர அதன் சுவர் ஏறக்குறைய வெறுமையானது. உருவம் நிறைந்த சுவரையும் உருவமற்ற சுவரையும் ஒரே சமயம் ஒரே காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது இரண்டாவது வகை மட்டும். அதையே முழு மரபு என்று நாம் எண்ணப் பழகிவிட்டோம்.

யாழ்ப்பாணத்தில் மத்திய காலச் சுவர்கள் நிற்கவில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமானது. அதே 1620களில் திருக்கோணமலையில் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைக்குள் போயின. பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல் கோட்டை வாசலில் இன்றும் தெரிகிறது. இப்போது நாம் கும்பிடும் யாழ்ப்பாணக் கோயில்களில் பெரும்பாலானவை ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிலும் ஆங்கிலேயர் காலத்திலும் எழுந்தவை. மண்சுவரும் ஓலைக்கூரையுமாகத் தொடங்கி, பொழிகற் சுவருக்கும் ஓட்டுக்கும் மாறி, வசதி வந்தபோது கோபுரம் கண்டவை. அச்சத்தின் காலம் கடந்து திரும்பக் கட்டியவர்களுக்கு இறைவனை மறுபடி உள்ளே எழுந்தருளச் செய்வதே பெரிய காரியமாக இருந்தது. புறச்சுவர் அவர்கள் கவலையாக இருக்கவில்லை.

கோபுரம் எழுகிற காலத்தில் பார்வையும் மாறிவிட்டது. 1838இல் கஜுராகோவைக் கண்டு எழுதிய ஆங்கிலேயப் பொறியியல் அதிகாரி பர்ட், சிற்பிகளின் திறமையை வியந்துகொண்டே அவர்களின் வெட்கமின்மையைக் கண்டித்தார். கன்னிங்காமுக்கும் அவை அருவருப்பாகவே தெரிந்தன. அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் மிசனரிமார் அச்சியந்திரத்தோடு வந்திருந்தார்கள். சைவக் கோயில்களின் விழாக்களும் ஆட்டங்களும் அவர்களின் ஏளனத்துக்கு உள்ளாயின. அந்தத் தாக்குதலுக்கு எதிராக எழுந்தவர் ஆறுமுக நாவலர். 1872இல் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்ற நூலில் அவர் கோயில்களில் நடக்கும் உயிர்ப்பலியையும் தாசியர் ஆட்டத்தையும் வாணவேடிக்கையையும் கடுமையாகச் சாடினார். ஆகமத்தில் இல்லாதது கோயிலில் இருக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. கோயிலை ஏளனத்திலிருந்து காத்தார், அதன் வழிபாட்டுக்கு ஒழுங்கைக் கொடுத்தார். அந்தக் கடன் யாழ்ப்பாணச் சைவத்துக்கு என்றும் உண்டு. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை உரையோடு அச்சிட்டுக் கொடுத்தவரும் நாவலரே. தலைவனும் தலைவியும் கண்டு, கலந்து, பிரிந்து, கூடும் கதையை 400 பாடல்களில் சொல்லும் நூல் அது. காமத்தைப் பக்தியின் மொழியாக ஏட்டில் போற்றிய அதே கை, கோயில் வீதியில் அதை விலக்கியது. காமம் ஏட்டுக்குள் இருக்கலாம், ஊரின் கண்முன் நிற்கக் கூடாது என்ற எல்லைக்கோடு அக்காலத்தில்தான் நம் மண்ணில் அழுத்தமாக விழுந்தது.

அந்தக் கோட்டின் இரு பக்கத்திலும் நின்ற ஒரு குடும்பத்தின் கதை மருதனார்மடத்தோடு பிணைந்திருக்கிறது. இராமநாதன் கொழும்பில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லால் திருப்பிக் கட்டி 1912இல் நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு இங்கே பெண்கள் கல்லூரியைத் திறந்தார். கல்லூரியின் முதல் அதிபர் இலண்டன் நாடக மேடையில் பெயர் பெற்றிருந்த புளோரன்ஸ் ஃபார். சைவ ஒழுக்கத்தில் பெண்பிள்ளைகளை வளர்க்க எண்ணிய ஒருவர் அந்தப் பொறுப்பை ஒரு நடிகையிடம் ஒப்படைத்தது அக்காலத்துக்குத் துணிவான செயல். இராமநாதனின் தம்பி பொன்னம்பலம் அருணாசலம் பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளைப் பற்றியும் சிவ வழிபாட்டின் குறியீடுகளைப் பற்றியும் எழுதினார். இவர்களின் தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன்தான் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி.

ஆனந்த குமாரசுவாமி 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947இல் அந்நாட்டிலேயே மறைந்தார். 1918இல் வெளிவந்த அவருடைய சிவ நடனம் என்ற கட்டுரைத் தொகுப்பு மேற்குலகின் பார்வையைத் திருப்பிய நூல்களில் ஒன்று. அதில் உள்ள ஒரு கட்டுரை, காதலர் கூடலை இறைவனோடு உயிர் ஒன்றுவதன் உருவமாகக் கண்ட மரபை விளக்குகிறது. பர்ட் முகம் சுளித்த சுவரை எவ்வாறு பார்க்க வேண்டும் என்று உலகுக்குக் கற்றுத்தந்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. அவர் கற்றுத்தந்ததைப் பிற நாட்டு அருங்காட்சியகங்கள் விரைவாக எடுத்துக்கொண்டன. அவருடைய சொந்த மண் தயங்கித் தயங்கியே நெருங்குகிறது.

சுவரை ஆக்கும் முறையும் மாறிவிட்டது. அன்று கஜுராகோவின் சிற்பி மணற்கல்லைக் குடைந்து உருவத்தை வெளியே கொண்டுவந்தான். ஒரு தோளின் வளைவு தவறினால் கல்லைத் திருத்த முடியாது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கோபுரச் சுதை வேலைக்குச் சுண்ணாம்பை மணலோடு நாட்கணக்கில் அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து பிசைந்தார்கள். அது மெதுவாக இறுகும். சிற்பிக்குக் கண்ணிமையையும் விரல்நுனியையும் நிதானமாகத் தீர்க்க நேரம் கிடைக்கும். இன்று கம்பி கட்டி, வலை சுற்றி, சீமெந்தை அப்பி உருவம் எடுக்கிறார்கள். சில மணி நேரத்தில் இறுகிவிடும். தலைமுறைகள் எடுத்த கோபுரம் இப்போது சில ஆண்டுகளில் குடமுழுக்குக் காண்கிறது. மழையில் வெளிறும் காவியும் மஞ்சளும் போய், பளிச்சென்ற வண்ணப்பூச்சு வந்திருக்கிறது. வேகம் கிடைத்தது, செலவு கைக்கெட்டியது. போரில் இடிந்த கோயில் ஒன்றுக்கு இந்த வேகம் பெரிய வரம். உருவத்தோடு சிற்பி தங்கியிருந்த நேரம் குறைந்துபோனது. பழைய சுவரின் உயிர் அந்த நேரத்தில்தான் இருந்தது.

அன்று சிற்பியின் பெயர் தெரியாது. கல்லில் சிறு குறியை விட்டுச் சென்றவர்களே அதிகம். இன்று கோபுரத்தின் கீழ் பளிங்குப் பலகையில் உபயகாரரின் பெயரும் ஊரும் அவர் வாழும் நாடும் இருக்கின்றன. ரொறன்ரோவும் இலண்டனும் பாரிசும் யாழ்ப்பாணத்துச் சுவரில் எழுத்தாக நிற்கின்றன. முகமறியா அரசனின் கருவூலத்திலிருந்து கோயில் எழுந்த காலம் போய், பனியில் வேலைசெய்து மிச்சம் பிடித்தவரின் காசில் எழும் காலம் வந்திருக்கிறது. பணம் கொடுப்பவர் தொலைவில் இருப்பதால் தம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு காட்டக்கூடிய, கேள்வி எழுப்பாத ஒரு சுவரை விரும்புகிறார். அந்த விருப்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறந்த மண்ணைத் தூய்மையாக நினைவில் வைக்க எண்ணுகிற ஏக்கம் அது.

கல்லில் நின்ற பெண்ணுக்குக் கீழே, அதே கோயிலில், உயிருள்ள பெண்கள் ஆடினார்கள். முதலாம் இராசராசன் தஞ்சைக் கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டிரை வரவழைத்தான். ஒவ்வொருத்தியின் பெயரும் அவள் வந்த கோயிலும் குடியிருந்த வீட்டு வரிசையும் கல்வெட்டில் இருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் கூலி. அக்காலப் பெண்களில் பெயர் இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டவர்கள் மிகச் சிலரே. நூற்றாண்டுகள் கழிய, அந்த மதிப்பு தேய்ந்து அவர்கள் பிறப்பால் கட்டுண்டவர்களாக, செல்வர்களைச் சார்ந்தவர்களாக மாறினார்கள். அந்தக் குலத்துத் தாய்க்குப் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1947இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

கோயிற் பெண்டிரின் அந்த ஆட்டம் சதிர் எனப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சதிர் ஆடுவோரின் குழுவைச் சின்னமேளம் என்றார்கள். நாதசுரமும் தவிலும் பெரியமேளம். தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட சின்னமேளக் குழுக்கள் திருவிழாக்களில் விடிய விடிய ஆடின. நாவலர் எதிர்த்த பின்னும் அவை இருபதாம் நூற்றாண்டுக்குள் நீடித்து, மெல்ல மறைந்தன. வீதியில் வட்டமாக உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களில் பதத்தின் நுணுக்கத்தை அறிந்தவர்களும் இருந்தார்கள், ஆடுகிறவளின் உடலை மட்டும் பார்த்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

1935இல் சென்னை அடையாற்றில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி மேடையேறியபோது சதிர் பரதநாட்டியமாகப் புதுப்பிறப்பு எடுத்தது. சிருங்காரத்தை அவர் அடக்கி, பக்தியை முன்னிறுத்தினார். கோயிலில் ஆடிய தேவரடியார் மரபில் வந்த பாலசரசுவதி அதை ஏற்கவில்லை. சிருங்காரமே இந்தக் கலையின் உச்சம், அதைக் கழுவ வேண்டியதில்லை என்று இறுதிவரை வாதாடினார். இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1960இல், மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரால் இசைக்கும் நடனத்துக்குமான அக்கடமி பிறந்தது. பாடகர் மகாராசபுரம் சந்தானம் சில ஆண்டுகள் அதன் அதிபராக இருந்தார். 1970களின் நடுவில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

இன்று அங்கே நடனம் பயில்பவர்கள் எந்தக் குலத்துக்கும் கட்டுண்டவர்கள் இல்லை. விவசாயியின் மகளும் ஆசிரியரின் மகளும் கடலோரத்துப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடவு பிடிக்கிறார்கள். பட்டம் பெற்று ஆசிரியராகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள், விரும்பியவரை மணக்கிறார்கள், விரும்பினால் மணக்காமலும் இருக்கிறார்கள். 400 பெண்களின் பெயரைச் செதுக்கிய கல்வெட்டு கொடுக்காத உரிமையை ஒரு பட்டச் சான்றிதழ் கொடுக்கிறது. இந்தப் பேற்றுக்கு ஈடாக எந்தச் சுவரையும் நான் கேட்க மாட்டேன். ஆயினும் நாயகனை எதிர்பார்த்திருக்கும் பதம் ஒன்றை ஆடவேண்டி வரும்போது அந்தப் பிள்ளையின் கண் தாழ்கிறது. அவள் ஆடவேண்டிய ஏக்கத்தைக் கடவுள் மீதான ஏக்கம் என்று சொல்லி நாம் தேற்றுகிறோம். சிதம்பரத்துக் கோபுர வாயிலில் 108 கரணங்களையும் ஆடிக்காட்டும் கற்பெண்களுக்கு அப்படி ஒரு தேறுதல் தேவைப்படவில்லை.

பழைய சுவர் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. மருதனார்மடத்திலிருந்து இதே வீதியில் சில மைல் வடக்கே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போய்க் கும்பிடும் உரிமைக்காக 1968இல் அதன் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957இலேயே வந்திருந்தது. பதினொரு ஆண்டுகள் கழிந்தும் வாசல் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தது 1939இல். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் மண்டபத் தூணின் அழகையும் உட்சுவரின் இணையையும் பார்க்கும் பேறு சிலருக்கே இருந்தது. மற்றவர்களுக்குத் தொலைவில் நின்ற கோபுரம் மட்டும் தெரிந்தது. தேர் போகும் வீதியில் நிற்கவும் பலருக்கு உரிமை இருக்கவில்லை. இன்று சுவரில் உருவம் குறைந்துவிட்டது. பார்க்கும் உரிமையோ பெருகிவிட்டது. நிறைந்த சுவரும் திறந்த வாசலும் ஒரே காலத்தில் நமக்கு வாய்க்கவில்லை.

பயணமும் மாறியது. யாழ்ப்பாணத்தார் ஒருகாலத்தில் பாய்மரத் தோணியில் வேதாரணியத்தில் இறங்கி, நடந்தும் மாட்டுவண்டியிலும் சிதம்பரம் போனார்கள். அங்கே அவர்களுக்கென்று மடங்கள் இருந்தன. நாவலரும் 1864இல் சிதம்பரத்தில் ஒரு பாடசாலை தொடங்கினார். பிறகு தலைமன்னார்க் கப்பல் வந்தது, போரோடு அதுவும் நின்றது. இப்போது பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 முதல் கப்பலும் ஓடத் தொடங்கியிருக்கிறது. மாதக் கணக்கில் போய்வந்த யாத்திரிகர் தூணின் கீழ்ப்புறத்தில் உள்ள சிற்பத்தைக் கண்டார், வியந்தார், சிரித்தார், கைகூப்பிவிட்டு நடந்தார். சிற்பத்துக்கும் அவருக்கும் நடுவே விளக்கம் சொல்ல ஒருவரும் நிற்கவில்லை. இன்று ஒரு நாளில் போய் இறங்குகிற நமக்குக் கட்டணச் சீட்டு, வழிகாட்டி, தகவற்பலகை எல்லாம் கிடைக்கின்றன. 1984இல் கொணார்க்கும் 1986இல் கஜுராகோவும் உலக மரபுச் சின்னங்களாயின. கல் பாதுகாப்பாக இருக்கிறது. விளக்கங்கள் நூல்நூலாக நிற்கின்றன.

இன்றைய பிள்ளை காமத்தைச் சந்திக்கும் முதல் இடம் கைத்தொலைபேசி. அங்கே அது தனியாக வருகிறது. பக்கத்தில் நிறைகுடம் இல்லை, முள்ளை எடுக்கிறவள் இல்லை, ஆசான் இல்லை, உள்ளே கருவறை இல்லை. கஜுராகோச் சுவரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது, ஒரு திரைக்குள் முழுவதுமாகிவிடுகிறது. அதைப் பார்த்தது பற்றி அவன் தாயிடம் கேட்க முடியாது, ஆசிரியரிடமும் கேட்க முடியாது. அன்று பார்க்க முடிந்தவர்கள் சேர்ந்து பார்த்துக் கடந்ததை இன்று ஒவ்வொருவரும் தனித்தனியே, வெட்கத்தோடு, ஒளிந்து பார்க்கிறோம். சுவரைத் துப்புரவாக்கியதால் மனம் துப்புரவாகவில்லை. ஆசையைச் சேர்ந்து பேசுவதற்கு இருந்த ஒரே பொது இடம் மட்டும் போய்விட்டது. இழப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

பழைய சிற்பங்களை யாழ்ப்பாணத்துக் கோபுரங்களில் மறுபடி ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தின் நம்பிக்கையிலிருந்து எழுந்ததை இன்னொரு காலத்தின் சீமெந்தில் வார்க்க முடியாது. வார்த்தாலும் அது கண்காட்சியாகவே நிற்கும். ஆனால் சுவரில் முடியாதது வகுப்பறையில் முடியும். இசுருமுனியாக் காதலரைப் படிக்கும் மாணவருக்கு நாளந்தா கெடிகேயின் தேய்ந்த கல்லையும் காட்டலாம். கந்தாரிய மகாதேவரின் 872 உருவங்களையும், அவற்றில் சிலவற்றை மட்டும் ஒளிக்காமல், வரிசையாகப் படிக்கவைக்கலாம். திருக்கோவையாரைப் பதத்தின் அருகில் வைத்துப் படிப்பிக்கலாம். தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களையும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒரே பாடத்தில் சொல்லலாம். அப்போது சிருங்காரம் ஆடும் பிள்ளைக்குத் தான் ஆடுவது எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பிலும் யாருடைய கண்ணீரிலும் வந்தது என்பது தெரியும். தெரிந்து ஆடுகிறவளின் கண் தாழாது.

இதைச் செய்யத் தகுந்த இடம் மருதனார்மடம். ஆனந்த குமாரசுவாமியின் உறவினர் பெண்கல்விக்கு விதையிட்ட நிலம் இது. இங்கே இன்று கற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரம் ஆண்டுகளாக அந்தச் சுவர்களில் பெண் செதுக்கப்பட்டாள், பார்க்கப்பட்டாள், புகழப்பட்டாள், பின் வெட்கத்துக்குரியவளாகவும் ஆக்கப்பட்டாள். செதுக்கியவர்களும் மறைத்தவர்களும் விளக்கியவர்களும் பெரும்பாலும் ஆண்களே. அந்தச் சுவரைப் பற்றி இனிப் பேசும் உரிமை, அதில் உருவமாக நின்றவளின் வழியில் வந்தவளுக்கு முதலில் உண்டு. அவளிடம் பாதிச் சுவரை மறைத்துவிட்டு மீதியைக் காட்டுவது நியாயமில்லை. முழுவதையும் காட்டுவோம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.